சிமுலேட்டர் கதவு திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம்

சிராங்கூன் ரோடு பெருமாள் கோவிலில் அன்னதான வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் புளோக்கில் குடியிருக்கும் ஒரு தாயார் என்னைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, நீங்க கப்பல்ல இருந்தவர்தானே? மவன் ஓ லெவல் முடிச்சிட்டான். கப்பல் படிப்புதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறான். காலேஜ்ல போய்ப் பார்த்தா, பெரிய பெரிய ஸ்க்ரீன் வச்சு கேம் மாதிரி ஓட்டுறாங்க. இதுக்கா மூணு வருஷம்?"

நியாயமான கேள்வி. வரிசை நகர்ந்துகொண்டே இருந்ததால் அங்கே கொஞ்சம்தான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் இதே கேள்வியை வேறு பெற்றோரும் கேட்டிருக்கிறார்கள். எல்லோரும் அந்தப் பெரிய திரையை வைத்துத்தான் கல்லூரியை எடைபோடுகிறார்கள். கடலில் பல வருஷம் இருந்துவிட்டு, இப்போது சிமுலேட்டர் (கப்பலை ஓட்டுவதைத் திரையில் நிஜம்போலக் காட்டும் அறை) பயிற்சிகளில் உதவியாளனாக உட்காரும் எனக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. திரை ஓடும் நேரத்தைவிட, அதற்கு முன் நூலகத்திலும் கணினி அறையிலும் செலவாகும் நேரமும், அது முடிந்ததும் நாற்காலிகளை இழுத்துப்போட்டுப் பேசும் நேரமும்தான் ஒரு மாணவனைக் கப்பல் அதிகாரியாக்குகின்றன.

முதலில் சிமுலேட்டர் எதற்கு என்பதைப் பார்ப்போம். கப்பல் அதிகாரிகளின் பயிற்சிக்கு உலகம் முழுவதும் ஒரே அடிப்படை ஒப்பந்தம்தான். 1978இல் உருவாகி 1984இல் நடப்புக்கு வந்தது. எஸ்டிசிடபிள்யூ என்று சொல்வார்கள். 1995இல் அதைத் திருத்தியபோது ரேடார் பயிற்சிக்குச் சிமுலேட்டரைக் கட்டாயமாக்கினார்கள். 2010இல் மணிலாவில் மறுபடியும் திருத்தி, மின்னணுக் கடல் வரைபடக் கருவியான எக்டிஸ் பயிற்சியையும் சேர்த்தார்கள். இங்கே சிங்கப்பூரில் டோவர் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள பலதுறைத் தொழிற்கல்லூரி வளாகத்தில், கடல்துறை, துறைமுக ஆணையம் 2000களின் தொடக்கத்தில் ஒருங்கிணைந்த சிமுலேட்டர் மையம் ஒன்றை அமைத்தது. உள்ளே போனால் கப்பலின் பிரிட்ஜ், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தள அறை, அப்படியே இருக்கும். சுக்கான், ரேடார், வி.எச்.எஃப். ரேடியோ எல்லாம் உண்டு. ஜன்னலுக்கு வெளியே மட்டும் கடலுக்குப் பதில் திரை.

தரை அசையாது. ஆனால் திரையில் அடிவானம் சாயும்போது முதல் நாள் மாணவர்கள் கைப்பிடியைப் பிடிப்பார்கள். சிலருக்கு வயிற்றைப் பிரட்டும். கண் சொல்வதை உடம்பு நம்பிவிடுகிறது. அந்த நம்பிக்கை இருப்பதால்தான் பயிற்சியே நடக்கிறது.

நிஜக் கப்பலில் பழகவே முடியாத சில விஷயங்கள் உண்டு. கப்பல் ரேடியோவில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும், மேலே ஒரு மூடியோடு. அதை அழுத்திப் பிடித்தால் சேனல் 70 வழியாகச் சுற்றியுள்ள எல்லாக் கப்பல்களுக்கும் கரை நிலையங்களுக்கும் அபாய அழைப்பு போய்விடும். மீட்புக்குழு கிளம்பிவிடும். பழகிப் பார்க்கலாமே என்று அதை யாரும் அழுத்த முடியாது. ஆனால் தேவைப்படும் அன்று கை நடுங்காமல் அழுத்த வேண்டும். அதற்கு ரேடியோ சிமுலேட்டரை விட்டால் வேறு வழி இல்லை.

சுக்கான் வேலை செய்யாமல் போவதும் அப்படித்தான். 2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் நடந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தூர்வாரும் கப்பலான வோக்ஸ் மாக்சிமா திடீரென்று எஞ்சின், சுக்கான் கட்டுப்பாட்டை இழந்து, நின்றுகொண்டிருந்த எரிபொருள் நிரப்பும் கப்பல்மேல் மோதியது. சுமார் 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைகளைக் கறுப்பாகப் பார்த்தோம். கட்டுப்பாடு போன அந்த நிமிடத்தில் பிரிட்ஜில் இருப்பவர் என்னென்ன செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம் என்பதை, யாருக்கும் காயமில்லாமல் 20 தடவை செய்து பார்க்க முடிகிற ஒரே இடம் சிமுலேட்டர் அறைதான்.

சரி, இப்போது நூலகத்துக்கு வருவோம்.

கடல்துறைக் கல்லூரி நூலகம் வழக்கமான நூலகம் மாதிரி இருக்காது. பன்னாட்டு ஒப்பந்தங்களின் தொகுப்புகள், ஒவ்வொரு கடற்பகுதிக்கும் உரிய வழிகாட்டி நூல்கள், ஓத (கடல்நீர் ஏற்ற இறக்க) அட்டவணைகள், கலங்கரை விளக்கப் பட்டியல்கள், பெரிய இழுப்பறைகளில் தட்டையாகப் படுத்திருக்கும் காகித வரைபடங்கள். வரைபடம் வாரா வாரம் மாறும். ஒரு மிதவை இடம் மாறியிருக்கும், புதிதாக ஒரு மூழ்கிய கப்பல் கண்டுபிடிக்கப்பட்டிருக்கும். அந்த அறிவிப்பைப் படித்து, மெஜந்தா மையில் சின்னதாகக் குறித்து, ஓரத்தில் திருத்த எண்ணை எழுத வேண்டும். காகித வரைபடங்களை 2026 கடைசியோடு நிறுத்தப்போவதாகப் பிரிட்டிஷ் நீரளவியல் அலுவலகம் 2022இல் அறிவித்தது. பிறகு குறைந்தது 2030 வரையாவது தொடரும் என்று தள்ளிவைத்தது. எப்படியும் போகப்போகிறதே, இதை ஏன் கற்றுக்கொள்ள வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். கையால் 50 திருத்தம் போட்டவனுக்கு, திரையில் தெரியும் வரைபடமும் யாரோ ஒருவர் திருத்தியதுதான், அதிலும் தவறு இருக்கலாம் என்ற உணர்வு தானாக வந்துவிடும். அதற்காகவாவது கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு பயிற்சியை எடுத்துக்கொள்கிறேன். 274 மீட்டர் நீள எண்ணெய்க் கப்பல், சரக்கோடு கிழக்கு நோக்கி சிங்கப்பூர் நீரிணையைக் கடக்க வேண்டும். டிராஃப்ட், அதாவது தண்ணீருக்குள் இருக்கும் ஆழம், 17 மீட்டர். டிராஃப்ட் 15 மீட்டரோ அதற்கு மேலோ இருக்கும் கப்பல்களுக்கு இங்கே தனி விதி உண்டு. கப்பலின் அடிப்பாகத்துக்கும் கடல் தரைக்கும் நடுவில் எந்நேரமும் குறைந்தது 3.5 மீட்டர் தண்ணீர் இருக்க வேண்டும். ஃபிலிப் கால்வாய் போன்ற ஆழ்நீர்ப் பாதைகளில் வேகம் 12 நாட், அதாவது மணிக்கு 12 கடல் மைல், என்ற அளவைத் தாண்டக் கூடாது.

இவ்வளவையும் மாணவன் நூலகத்தில் தேடி எடுக்க வேண்டும். நாங்கள் சொல்லித்தர மாட்டோம். 17ஐயும் 3.5ஐயும் கூட்டி 20.5 என்று எழுதிவிட்டு வேலை முடிந்தது என்று நிமிர்பவர்கள்தான் அதிகம். முடியவில்லை. ஆழம் குறைந்த தண்ணீரில் கப்பல் ஓடும்போது அடியில் நீரின் அழுத்தம் குறைந்து கப்பல் கொஞ்சம் கீழே இறங்கும். ஸ்குவாட் என்பார்கள். தோராயக் கணக்கு எளிதானது: வேகத்தை அதே வேகத்தால் பெருக்கி, கப்பலின் பருமன் கெழுவால் (தண்ணீருக்குள் இருக்கும் பாகம் அதே நீள அகல ஆழமுள்ள பெட்டியில் எவ்வளவு பங்கு என்ற எண்) பெருக்கி, 100ஆல் வகுக்க வேண்டும். எண்ணெய்க் கப்பலுக்குக் கெழு சுமார் 0.8. 12 நாட் வேகத்தில் 1.15 மீட்டர் வருகிறது. 6 நாட் வேகத்தில் 0.29 மீட்டர்தான். வேகத்தைப் பாதியாக்கினால் இறக்கம் கால்வாசியாகிறது. அப்படியானால் 12 நாட் வேகத்தில் தேவைப்படும் ஆழம் 20.5 இல்லை, 21.65 மீட்டர். அந்த நேரத்து ஓதம் எவ்வளவு கைகொடுக்கும் என்று அப்புறம் அட்டவணையில் பார்க்க வேண்டும். 12 நாட் என்ற வரம்பு எதற்கு இருக்கிறது என்பதும் இந்தக் கணக்கைப் போடும்போது பாதி விளங்கிவிடும்.

இந்த எண்ணோடு மாணவன் கணினி அறைக்கு வருகிறான். எக்டிஸில் பாதுகாப்பு ஆழக்கோடு என்று ஒரு மதிப்பு கொடுக்க வேண்டும். அதைத் தாண்டினால் கருவி எச்சரிக்கும். அதைவிட ஆழம் குறைந்த பகுதி நீல நிறத்தில் தெரியும். மாணவன் 21.65 என்று கொடுக்கிறான். வரைபடத் தரவில் அப்படி ஒரு கோடே கிடையாது. 20க்கு அடுத்த கோடு 30. கருவி பாதுகாப்பான பக்கம் போய் 30ஐ எடுத்துக்கொள்ளும். உடனே திரையில் பாதிப் பாதை நீலமாகிவிடும். போகக்கூடிய இடமும் போகக்கூடாத இடமும் ஒரே நிறத்தில் தெரியும். எச்சரிக்கை ஒலி நிற்காமல் அடிக்கும்.

அந்த நேரத்தில் அவன் செய்வதைத்தான் நான் கவனிப்பேன். எரிச்சலில் ஒலியை அணைக்கிறானா, இல்லை வரைபடத்தில் எழுதியிருக்கும் தனித்தனி ஆழ எண்களைப் பார்த்து, தன் கப்பல் போகக்கூடாத பகுதிகளைத் தானே கோடு போட்டு அடைக்கிறானா? இரண்டாவதைச் செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கண் வலிக்கும். ஆனால் அந்தக் கோடுகளைப் போட்டவனுக்கு நீரிணையின் தரை மனதில் பதிந்துவிடும்.

மிகைப்படுத்திச் சொல்வதாக நினைத்தால், 2013 செப்டம்பரில் டோவர் நீரிணையில் நடந்ததைப் பாருங்கள். இது நம் எம்ஆர்டி டோவர் இல்லை, இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் உள்ளது. ஓவிட் என்ற கப்பல் சமையல் எண்ணெயோடு போய்க்கொண்டிருந்தது. அனுபவம் குறைந்த இளைய அதிகாரி எக்டிஸில் போட்ட பாதை, வார்ன் மணல்திட்டின் மேலேயே நேராகப் போயிருந்தது. அதை யாரும் சரியாகச் சோதிக்கவில்லை. எச்சரிக்கை ஒலியும் வேலை செய்யவில்லை. கப்பல் திட்டில் ஏறியது. ஏறிவிட்டது என்று பணியில் இருந்தவருக்கு உறைக்கவே 19 நிமிடம் ஆனது. பிரிட்டிஷ் விபத்து விசாரணைப் பிரிவின் அறிக்கையில் என்னை உறுத்தும் வரி வேறு. அந்தக் கப்பலின் அதிகாரிகள் எல்லோரும் அந்தக் கருவியில் பயிற்சி பெற்றிருந்தார்கள்.

சான்றிதழ் இருந்தது, பழக்கம் இல்லை. எந்தப் பொத்தான் எங்கே என்று மூன்று நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம். எதற்காக அந்த எண்ணைக் கொடுக்கிறோம் என்பது கணக்குப் போட்டால்தான் வரும். இந்த விபத்து அறிக்கைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. நம் போக்குவரத்துப் பாதுகாப்பு விசாரணைப் பிரிவும் வெளியிடுகிறது. கடல்துறை மாணவனுக்கு இவற்றைவிட நல்ல வாசிப்பு இல்லை என்பது என் எண்ணம். நான் படித்த இடத்தில் நூலகத்தைச் சாயங்காலம் 5 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். வகுப்பு முடிவதும் 5 மணிக்கு. அறிக்கைகள் அலமாரிக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தன. முதல் கப்பலில் ஏறியபோது ஒன்றைக்கூட முழுதாகப் படித்திருக்கவில்லை. அந்தக் குறையை நிரப்ப எனக்குப் பல வருஷம் பிடித்தது. அதனால்தான் இதை வற்புறுத்திச் சொல்கிறேன்.

திட்டம் தயார். கதவு திறக்கிறது.

உள்ளே இரவு நேரம். கிழக்கு நோக்கிப் போகிறோம், இடது பக்கம் சிங்கப்பூர். நங்கூரமிட்ட கப்பல்களின் விளக்குகளும் நகரத்தின் விளக்குகளும் ஒன்றாகக் கலந்து கிடக்கும். நம் துறைமுகத்தில் எந்நேரமும் 1,000 கப்பல் அளவுக்கு இருக்கும். அந்த ஒளிக்கடலில் எந்தப் புள்ளி நகர்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. வலது பக்கத்திலிருந்து பாத்தாம் தீவுப் படகு வருகிறது. வார இறுதியில் நாம் ஏறிப் போகும் அதே வேகப் படகுதான். எண்ணெய்க் கப்பல் நிற்க வேண்டும் என்றால் சில கிலோமீட்டர் ஓடித்தான் நிற்கும்.

போன தவணையில் ஒரு மாணவர் இந்தக் கட்டத்தில் வி.எச்.எஃப்.ஐ எடுத்துப் படகைக் கூப்பிட்டார், கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பதில் இல்லை. படகு நெருங்கியது. கடைசியில் "ஸ்டார்போர்ட் டென்" (சுக்கான் வலப்பக்கம் 10 பாகை) என்று உத்தரவு கொடுத்து எப்படியோ விலகினார். மோதவில்லை. வெளியே வந்தபோது முகத்தில் ஒரு நிம்மதி.

அப்புறம் நாற்காலிகளை இழுத்துப்போட்டோம். பதிவை மெதுவாக ஓட்டினோம். பயிற்றுநர் ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: "தம்பி, அந்தப் படகுல இருக்கிறவருக்கு உங்க கப்பல் எப்படித் தெரியும்?" திரையைத் திருப்பி, படகின் பார்வையிலிருந்து காட்டினார். பெரிய கறுப்பு உருவம், வழக்கமான பயண விளக்குகள் மட்டும். ஆழத்தால் கட்டுப்பட்ட, அதாவது பாதையை விட்டு எளிதில் விலக முடியாத, கப்பல் என்று காட்டும் மூன்று சிவப்பு விளக்குகள், ஒன்றின்கீழ் ஒன்றாக எரிய வேண்டியவை, எரியவில்லை. அவற்றைப் போட மறந்திருந்தார். அந்த விளக்குகளைப் பார்த்தால் மற்ற கப்பல்கள் நம் வழியை மறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பார்க்காதவருக்கு நாமும் ஒரு சாதாரணக் கப்பல். வலப்பக்கம் வருபவருக்கு நாம்தான் வழிவிட வேண்டும். மாணவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சார், சுவிட்ச் என் கைக்குப் பக்கத்துலதான் இருந்துச்சு" என்றார்.

இந்தப் பத்து நிமிடம் இல்லாமல் அவர் வீட்டுக்குப் போயிருந்தால், மோதாமல் தப்பித்ததைத் திறமை என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார். எஸ்டிசிடபிள்யூ விதிகளிலேயே இது எழுதியிருக்கிறது: பயிற்சிக்கு முன் நோக்கத்தை விளக்கி, திட்டமிடப் போதிய நேரம் தர வேண்டும், முடிந்த பிறகு அதைப் பற்றி முறையாகப் பேச வேண்டும். எழுதியிருந்தும், நேர அட்டவணை நெருக்கும்போது முதலில் வெட்டுப்படுவது இந்த இரண்டும்தான். அடுத்த குழு வெளியே காத்திருக்கும், அறை வாடகை ஓடிக்கொண்டிருக்கும். அந்த நெருக்கடி புரிகிறது. ஆனால் வெட்ட வேண்டியது அதை இல்லை.

நம் கடலுக்குப் பக்கத்திலேயே நடந்த இன்னொன்று. 2017 ஆகஸ்ட் 21, விடிவதற்கு முன், அமெரிக்கக் கடற்படையின் ஜான் எஸ். மெக்கெய்ன் என்ற போர்க்கப்பல் சிங்கப்பூர் நீரிணையை நெருங்கிக்கொண்டிருந்தது. சுக்கான் பிடித்தவர் வேகத்தையும் திசையையும் சேர்த்துச் சமாளிக்கத் திணறுவதைக் கண்ட கேப்டன், வேகத்தை மட்டும் பக்கத்து மேசைக்கு மாற்றச் சொன்னார். தொடுதிரையில் மாற்றும்போது சுக்கான் கட்டுப்பாடும் சேர்ந்தே போய்விட்டது. சுக்கான் செயலிழந்துவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். குழப்பத்தில் மூன்று நிமிடம் போயிற்று. போர்க்கப்பல் அல்னிக் எம்சி என்ற எண்ணெய்க் கப்பலின் முன்னால் திரும்பியது. மோதலில் போர்க்கப்பலின் மாலுமிகள் 10 பேர் இறந்தார்கள். பிரிட்ஜில் இருந்த சிலர் வேறொரு கப்பலிலிருந்து தற்காலிகமாக வந்தவர்கள். அந்தக் கப்பலின் கருவி வேறு. போதாத பயிற்சிதான் விசாரணையின் மையமாக இருந்தது. கடற்படை பிறகு தொடுதிரைக்குப் பதில் கையால் தள்ளும் நெம்புகோல்களுக்கே திரும்ப முடிவெடுத்தது. கல்லூரியில் ஒரு நிறுவனத்தின் கருவியில் பழகும் மாணவன், கப்பலில் இன்னொரு நிறுவனத்தின் கருவியைப் பார்ப்பான். ஒரு சிமுலேட்டர் எவ்வளவு நிஜமாக இருக்கிறதோ, அந்த அளவுக்கு மற்றக் கருவிகளும் இப்படித்தான் இருக்கும் என்ற நம்பிக்கையையும் வளர்த்துவிடும். அந்த நம்பிக்கையைப் பயிற்றுநர் அவ்வப்போது உடைக்க வேண்டும்.

எஞ்சின் ரூம் சிமுலேட்டரைப் பெற்றோர் யாரும் படம் எடுப்பதில்லை. பார்க்க ஒன்றும் இல்லை. குழாய்ப் படங்களும் வால்வு குறிகளும்தான். ஆனால் அதில் ஒரு பயிற்சி எனக்கு மிகவும் பிடிக்கும். மின்சாரமே இல்லாத செத்த கப்பலை உயிர்ப்பிக்க வேண்டும். முதலில் அவசர ஜெனரேட்டர், பிறகு காற்று அழுத்தி, பெரிய ஜெனரேட்டர், எண்ணெய்ப் பம்பு, குளிர்நீர் என்று போய், கடைசியில் சுமார் 30 பார் அழுத்தக் காற்றை உள்ளே விட்டுப் பிரதான எஞ்சினைச் சுழற்ற வேண்டும். எஞ்சினை மெதுவாகத் திருப்பும் டர்னிங் கியரைக் கழற்ற மறந்தால் எஞ்சின் கிளம்பாது. எதனால் கிளம்பவில்லை என்று ஒரு மாணவி 40 நிமிடம் தேடியதைப் பார்த்திருக்கிறேன். கண்டுபிடித்ததும் எழுந்து நின்றுவிட்டார். சூடும் சத்தமும் எண்ணெய் வாசமும் அங்கே கிடையாது. அவற்றைக் கடலில்தான் தெரிந்துகொள்ள முடியும்.

கணினி வருவதற்கு முன்பே இந்தத் தேவை இருந்தது. பிரான்சில் போர் ரெவெல் என்ற இடத்தில் 1967இலிருந்து ஒரு ஏரியில் 25இல் ஒரு பங்கு அளவில் கப்பல்களைச் செய்து, கேப்டன்களை அதற்குள் உட்கார வைத்துப் பழக்குகிறார்கள். அளவு 25இல் ஒரு பங்கானால், அங்கே எல்லாம் ஐந்து மடங்கு வேகமாக நடக்கும். ஒரு மணி நேரத் துறைமுக வேலை 12 நிமிடத்தில் முடிந்துவிடும். இன்றும் அங்கே போய்வருகிறார்கள், ஏனென்றால் அங்கே இருப்பது நிஜத் தண்ணீர்.

கடலுக்குப் பதில் சிமுலேட்டர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பணிப்பொறுப்பேற்கும் அதிகாரி ஆக, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சித் திட்டத்தில் இருந்தால்கூடக் குறைந்தது 12 மாதம் கடல் சேவை வேண்டும். இல்லாவிட்டால் 36 மாதம். புதிய எரிபொருள்கள் வந்த பிறகு கரையில் கற்க வேண்டியதும் கூடியிருக்கிறது. 2023 ஜூலையில் மெத்தனால் எரிபொருளில் ஓடும் கொள்கலன் கப்பல் ஒன்று இங்கே நம் துறைமுகத்திலேயே எரிபொருள் நிரப்பியது. மெத்தனால் பற்றினால் பகல் வெளிச்சத்தில் தீ கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். அம்மோனியா கசிந்தால் மூச்சே ஆபத்து. இவற்றை முதல் தடவை நிஜத்தில் சந்திக்க எந்தப் பிள்ளையையும் விடக் கூடாது.

ஆகவே, அந்தத் தாயாரிடம் நான் சொன்னது இதுதான். மறுபடி கல்லூரிக்குப் போகும்போது திரையைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். நூலகத்தைக் காட்டச் சொல்லுங்கள், எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேளுங்கள். எக்டிஸ் கணினிகளில் வகுப்பு இல்லாத நேரத்தில் மாணவர்கள் தாங்களே உட்கார்ந்து பழக விடுகிறார்களா என்று கேளுங்கள். ஒரு சிமுலேட்டர் பயிற்சிக்குப் பிறகு எவ்வளவு நேரம் உட்கார்ந்து பேசுகிறார்கள் என்று, பயிற்றுநரிடம் கேட்காமல், இரண்டாம் வருஷ மாணவன் ஒருவனிடம் கேளுங்கள்.

மூன்று வாரம் கழித்து மின்தூக்கியில் பார்த்தேன். மகனைச் சேர்த்துவிட்டாராம். "நூலகம் ராத்திரி வரைக்கும் தொறந்திருக்காம் அண்ணே," என்றார். "ஆனா அந்த ரெண்டாம் வருஷப் பையன் எங்கிட்ட அரை மணி நேரம் பேசினான். ஏதோ மூணு சிவப்பு விளக்காம்."